கைத்துப்பாக்கிக்கு சேஃப்டி லீவர் வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் ஒரு ரைபிள் கிளப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் புதியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். துப்பாக்கியைக் கையில் எடுப்பது, வைப்பது, காலி செய்வது, இவ்வளவுதான் என் பாடம். சுடுவதெல்லாம் அப்புறம். வருகிறவர்களில் பாதிப்பேர் பதக்கக் கனவோடு வரும் பள்ளிப் பிள்ளைகள். மீதிப்பேர் காங்கேயம், தாராபுரம், கோபி, பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருப்பவர்கள், மில்காரர்கள், வால்பாறை எஸ்டேட்காரர்கள். 2024 நவம்பரில் பல்லடம் பக்கமும் 2025-இல் சிவகிரிப் பக்கமும் தோட்டத்து வீடுகளில் தனியாக இருந்தவர்கள் கொல்லப்பட்ட பிறகு இந்த இரண்டாவது கூட்டம் கூடிவிட்டது. உரிமம் கிடைக்குமா என்பது முதல் கேள்வி. அது கலெக்டர் ஆபீஸ் சமாச்சாரம், எனக்கு அதில் வேலை இல்லை. அடுத்த கேள்விதான் என்னிடம் வரும்: "லாக் வெச்சது வாங்கறதா, லாக் இல்லாததா?"

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

லாக், சேஃப்டி, லீவர் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எது என்ன?

மூன்றும் ஒன்றுதான். பிஸ்டலில் கட்டைவிரல் எட்டும் இடத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் ட்ரிகரை இழுத்தாலும் சுடாது, மறுபக்கம் தள்ளினால் சுடும். விரலால் தள்ளி இயக்குவது என்பதால் இதைக் 'கை சேஃப்டி' என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நாம் தொடாமலே தானாக வேலை செய்யும் சேஃப்டிகளும் உள்ளே உண்டு. இரட்டைக்குழல் 12 போர் துப்பாக்கி வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. குழலை மடக்கித் திறந்தாலே அதில் பல மாடல்களில் லாக் தானாக விழுந்துவிடும்.

இன்னொன்று. இங்கே நான் குதிரை என்று எழுதுவது பின்னால் மடங்கி வந்து அடிக்கும் சுத்தியலை. சிலர் ட்ரிகரையே குதிரை என்கிறார்கள். குழப்பிக்கொள்ள வேண்டாம்.

லீவரே இல்லாத பிஸ்டல் உண்டா? அது எப்படிப் பத்திரம்?

உண்டு. 1982-இல் ஆஸ்திரியாவில் வந்த க்ளாக் 17-தான் இந்தப் பழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியது. அதில் மூன்று தடைகள் இருக்கின்றன. ட்ரிகரின் நடுவில் ஒரு மெல்லிய நாக்கு. விரல் அதை அமுக்கினால்தான் ட்ரிகர் நகரும். உள்ளே, தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசியை மறித்து நிற்கும் ஒரு கட்டை. கீழே விழுந்தால் விசை நழுவாமல் பிடிக்கும் ஓர் ஏற்பாடு. ட்ரிகரை இழுக்கும்போது மூன்றும் வரிசையாக விலகும், விட்டால் திரும்பி வந்து நிற்கும்.

நன்றாகக் கவனியுங்கள். இவை எல்லாமே ட்ரிகரை யாரும் இழுக்காதபோது காப்பாற்றுபவை. ட்ரிகரை இழுத்தது உங்கள் விரலா, சட்டை நுனியா, பேரனின் விரலா என்று அதற்குத் தெரியாது. கை லீவர் காப்பாற்றுவது அந்த மிச்ச இடத்தை. லீவர் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை முழுக்க இந்த ஓர் இடத்தைப் பற்றியதுதான்.

பெரிய ராணுவங்கள் என்ன செய்கின்றன? அவர்களுக்குத் தெரியாததா?

அவர்களும் ஒத்துப்போகவில்லை. அமெரிக்க ராணுவம் 1911-இல் ஏற்ற பிரவுனிங் பிஸ்டலில் கட்டைவிரல் லீவரும் இருந்தது, பிடியை அழுத்தினால் மட்டும் விலகும் தடையும் இருந்தது. அந்த லீவர் குதிரைப்படைக்காரர்கள் கேட்டு வாங்கிச் சேர்த்தது. ஒரு கையில் கடிவாளம், மறு கையில் சுடத் தயாராக உள்ள பிஸ்டல், ஏறியிருக்கும் குதிரை மிரள்கிறது, துப்பாக்கியை அவசரமாக உறையில் போட வேண்டும். அந்த நிலையில் லீவர் இல்லாமல் முடியாது. 1985-இல் அதற்குப் பதிலாக வந்த பெரெட்டா பிஸ்டலிலும் லீவர் உண்டு. 2017-இல் மாற்றியபோதும் லீவர் கட்டாயம், அதுவும் இரண்டு பக்கமும் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள்.

பிரிட்டிஷ் ராணுவமோ பல பத்தாண்டுகள் லீவர் உள்ள பிரவுனிங் ஹை பவரை வைத்திருந்துவிட்டு, 2013-இல் லீவர் இல்லாத க்ளாக்குக்கு மாறியது. அமெரிக்காவிலேயே எஃப்.பி.ஐ. ஆட்கள் வைத்திருப்பது லீவர் இல்லாத க்ளாக்.

எனவே 'மிலிட்டரியே இப்படித்தான்' என்று யாராவது ஆரம்பித்தால், எந்த மிலிட்டரி என்று கேளுங்கள்.

சரி, உங்கள் கட்சி எது?

நம் பக்கத்து உரிமக்காரர்களுக்கு லீவர் உள்ளதுதான் என்பது என் கட்சி.

க்ளாக் தூக்கும் போலீஸ்காரர் தினமும் அதை உறையில் போட்டு எடுக்கிறார், வருடத்துக்குப் பலமுறை பயிற்சியில் சுடுகிறார். அவர் விரல் தன்னாலே ட்ரிகருக்கு வெளியே நிற்கப் பழகியிருக்கிறது. நம்மவர் துப்பாக்கி எங்கே இருக்கிறது? இரும்பு பீரோவில், பட்டுச் சேலைக்குக் கீழே, நிலப்பத்திரத்துக்குப் பக்கத்தில். அது வெளியே வருவது எப்போதெல்லாம்? ஆயுதபூஜைக்குப் பொட்டு வைக்க. உரிமம் புதுப்பிக்க, அதுவும் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனிலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க. அப்புறம், மாப்பிள்ளை வீட்டார் வந்தால் காட்ட. கடைசிக் காரணத்தை நான் நகைச்சுவைக்காகச் சேர்க்கவில்லை.

இப்படி வருடத்துக்கு மூன்று முறை தொடுகிறவர் கை, பழகாத கை. பழகாத கைக்கு ஒரு தடை கூடுதலாக இருப்பது நல்லது. தினமும் பயிற்சி எடுப்பவர் லீவர் இல்லாததை வைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

துப்பாக்கியின் வகையையும் பார்க்க வேண்டும். குதிரை ஏற்கெனவே மடங்கி நிற்க, ட்ரிகர் லேசாகத் தட்டினால் சுடும் வகைக்கு லீவர் இல்லாமல் ஆகாது. அதில் இரண்டாம் பேச்சே கிடையாது. க்ளாக்கின் ட்ரிகர் சுமார் இரண்டரைக் கிலோ இழுப்பு. நியூயார்க் போலீஸ் அது போதாதென்று தன் ஆட்களின் க்ளாக்குகளுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டிய ஸ்பிரிங் போட்டது. லீவர் வைக்காமல் ட்ரிகரையே கனமாக்கிவிட்டார்கள். அது ஒரு வழி. ஆனால் இழுப்பு கனமானால் குறி ஆடும்.

லீவரைப் போட்டுவிட்டால், தோட்டா ஏற்றியே பீரோவில் வைக்கலாமா?

வைக்காதீர்கள்.

தோட்டத்தில் கிணற்று மோட்டார் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஸ்டார்ட்டரில் சிவப்பு பட்டனை அமுக்கினால் மோட்டார் நிற்கும். அதற்காக, அதை மட்டும் அமுக்கிவிட்டுக் கிணற்றில் இறங்கி மோட்டாரில் கை வைப்பார்களா? ஃப்யூஸ் கட்டை மூன்றையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டுதான் இறங்குவார்கள். என் அப்பாரு அந்தக் கட்டைகளை வேறு யாரிடமும் கொடுக்கக்கூட மாட்டார். பட்டன் கெட்டுப்போகலாம், வேறு ஒருவர் வந்து பச்சையை அமுக்கலாம். கட்டை மடியில் இருந்தால் கரண்டுக்கு வழியே இல்லை.

லீவர் அந்தச் சிவப்பு பட்டன். சேம்பரில், அதாவது சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் குழலின் பின்பக்க அறையில், தோட்டா இல்லாமல் இருப்பதுதான் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்குவது. துப்பாக்கியை ஒரு பூட்டிலும் தோட்டாவை வேறொரு பூட்டிலும் வையுங்கள்.

காலி செய்யும்போதாவது லீவர் காப்பாற்றுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன். விபத்து அதிகம் நடப்பது சண்டையில் இல்லை, காலி செய்யும்போதுதான். எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

2021 மார்ச். சட்டமன்றத் தேர்தல் அறிவித்தாயிற்று, துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லித் தகவல் வந்துவிட்டது. ஈரோட்டுப் பக்கம் என் மாமா வீடு. வேக வைத்து, காயவைத்து, மெருகு போட்ட மஞ்சள் மூட்டைகள் திண்ணையில் சுவரோரம் அடுக்கியிருந்தன. மாமாவிடம் இருந்தது அவர் அப்பா காலத்து .32 பிஸ்டல், பிரவுனிங் வடிவத்தைப் பின்பற்றியது. லீவர் உண்டு. "மாப்ளே, ஸ்டேசன்ல குடுக்கோணும், காலி பண்ணிரலாம் வா" என்றார். நான் எதிரில் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

லீவர் போட்ட நிலையில்தான் இருந்தது. ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் இரும்புப் பகுதியை, இழுத்தார், அசையவில்லை. அந்த வடிவத்தில் லீவர் போட்டிருந்தால் ஸ்லைடும் பூட்டிக்கொள்ளும். ஆக, சேம்பரைக் காலி செய்ய வேண்டுமென்றால் முதலில் சேஃப்டியை எடுத்தாக வேண்டும். லீவரைத் தள்ளினார். ஸ்லைடை ஒரு இழுப்பு இழுத்து விட்டார். பளபளவென்று ஒரு தோட்டா தெறித்து வந்து திண்ணையில் உருண்டது. அதை நானே குனிந்து எடுத்தேன். அதற்கப்புறம் மாமா மேகஸினை, அதாவது பிடிக்குள் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டியை, கழற்றி மடியில் வைத்தார்.

இங்கேதான் எல்லாம் முடிந்தது. மேகஸின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்தால், பழைய தோட்டா வெளியே போகும், ஸ்லைடு திரும்பும்போது மேகஸினிலிருந்து அடுத்த தோட்டாவை சேம்பருக்குள் தள்ளிவிடும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் ஒரு தோட்டா வெளியே வந்து விழுந்ததை இரண்டு பேரும் கண்ணால் பார்த்துவிட்டோம். அதனாலேயே துப்பாக்கி காலி என்று நம்பினோம். "காலிதானுங்க மாமா" என்று சொன்னது நான்.

குதிரையை இறக்கி வைக்க ட்ரிகரை இழுத்தார். நல்லவேளை, குழல் சுவர்ப் பக்கம் இருந்தது. சத்தம் அடங்கியபோது மேல் மூட்டையில் விரல் அளவு ஓட்டையிலிருந்து மஞ்சள் தூள் புகைபோல வந்துகொண்டிருந்தது. அத்தை சமையலறையிலிருந்து ஓடிவந்து நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மாமாவின் வேட்டி, என் சட்டை, துப்பாக்கி எல்லாம் மஞ்சள். தோட்டாக் கணக்கில் ஒன்று குறைந்ததற்கு ஸ்டேஷனில் பதில் சொல்ல வேண்டி வந்தது தனிக் கதை.

லீவர் பழுதில்லை. காலி செய்யும் வேலையே லீவரை எடுத்த பிறகுதான் தொடங்க முடியும் என்றால், அந்த நேரத்தில் அது இருந்தும் இல்லாததுதான். பெரெட்டாவிலும் 2017-இன் அந்த ராணுவ பிஸ்டலிலும் லீவர் போட்டபடியே ஸ்லைடை இழுக்கலாம். வாங்குகிறவர்கள் கடையில் இதை இழுத்துப் பார்த்துக் கேட்க வேண்டும். ஹை பவரில் மேகஸின் இல்லாவிட்டால் சுடாத ஏற்பாடும் உண்டு. மாமாவுடையதில் அது இல்லை.

அப்படியானால் காலி செய்யும் ஒழுங்கு என்ன?

குழலைப் பத்திரமான பக்கம் திருப்புங்கள். மணல் வாளி இருந்தால் அதில். விரல் ட்ரிகருக்கு வெளியே. முதலில் மேகஸின். அப்புறம்தான் ஸ்லைடு, அதுவும் இரண்டு மூன்று முறை. கடைசியில் ஸ்லைடைத் திறந்து பிடித்துக்கொண்டு சேம்பருக்குள் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலையும் விட்டுப் பாருங்கள். வெளியே விழுந்த தோட்டாவைப் பார்க்காதீர்கள், உள்ளே பாருங்கள். காலி செய்யும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. நான் கொடுத்தேன்.

ரிவால்வருக்கு லீவர் வேண்டுமா?

தேவையில்லை. குதிரையை மடக்காமல் ட்ரிகரை மட்டும் இழுத்துச் சுட ரிவால்வரில் ஐந்து கிலோ அளவுக்கு இழுப்பு வேண்டும், நீளமாகவும் இழுக்க வேண்டும். தற்செயலாக அவ்வளவு இழுபடாது. நம் ஆர்டனன்ஸ் ஃபேக்டரியின் .32 ரிவால்வரில் லீவர் இருக்கிறதே என்பீர்கள். அது பழைய வெப்லி பரம்பரை. சிங்கப்பூர் போலீஸுக்காக வெப்லி செய்த வகையில் சேஃப்டி இருந்தது, அந்த ஜாடை இங்கேயும் வந்துவிட்டது. இருந்தால் இருக்கட்டும். ஆனால் குதிரையை மடக்கி வைத்துக்கொண்டு லீவரை நம்பாதீர்கள்.

ரிவால்வரில் எனக்குப் பிடித்தது வேறு. திறந்தால் ஆறு அறையும் கண்முன் தெரியும். ஒளிந்திருக்கும் தோட்டா கிடையாது. எழுபது வயதுக்காரர் யார் கேட்டாலும் ரிவால்வர்தான் சொல்கிறேன்.

அவசரத்தில் லீவரைத் தள்ள மறந்துவிட்டால்? திருடன் நிற்பானா?

லீவர் வேண்டாம் என்பவர்களின் பலமான வாதம் இதுதான், நியாயமான வாதமும்கூட. பதற்றத்தில் கை நடுங்கும், சின்ன வேலைகள் ஓடாது. போதாக்குறைக்கு எல்லா லீவரும் ஒரே திசையில் வேலை செய்வதில்லை. 1911-இன் அந்தப் பிரவுனிங் வகையில் கீழே தள்ளினால் சுடும். பெரெட்டாவில் லீவர் ஸ்லைடின் மேல் இருக்கிறது, அங்கே கீழே தள்ளினால் சுடாது. ஒன்றில் பழகியவர் கையில் மற்றொன்றைக் கொடுத்தால் தலைகீழ். இடதுகைக்காரர்களுக்கு ஒருபக்க லீவர் எட்டவே எட்டாது.

இதற்கு மருந்து பழக்கம்தான். காலித் துப்பாக்கியில் எடுப்பது, லீவரைத் தள்ளுவது, திரும்பப் போடுவது என்று ஆயிரம் முறை செய்தால் கட்டைவிரல் தானே போகும். அவ்வளவு செய்ய மனமில்லாதவர் திருடனைச் சுடப்போவதும் இல்லை. தோட்டத்து வீட்டுக்கு நாலு நாயும் வாசலில் வெளிச்சமும் முதலில் வையுங்கள் என்று வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். சிலருக்கு முகம் வாடிவிடுகிறது.

வேட்டிக்குப் போடும் பச்சை பெல்ட்டில் வைத்துக்கொள்ளலாமா?

லீவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூடாது. அந்த பெல்ட் பை பணத்துக்கும் போனுக்கும் தைத்தது. துணி மடிந்து ட்ரிகருக்குள் போகும், லீவர் உரசி உரசித் தானே விலகும். ட்ரிகரை முழுக்க மூடும் கெட்டியான உறை வேண்டும். உறையில் போடும்போது பார்த்து, மெதுவாகப் போடுங்கள். எடுக்கத்தான் அவசரம் இருக்கலாம், போட அவசரமே கிடையாது.

கை தவறிக் கீழே விழுந்தால் லீவர் தடுக்குமா?

முழுதாக நம்ப முடியாது. லீவர் பெரும்பாலும் ட்ரிகரையோ குதிரையையோதான் பிடிக்கிறது. பழைய பிஸ்டல் மூக்குக் குத்தி விழுந்தால், ஊசி தன் கனத்திலேயே முன்னால் பாய்ந்து தோட்டாவைத் தட்டிவிட வாய்ப்புண்டு. இதைத் தடுப்பது ஊசியை மறிக்கும் கட்டை. பழைய மாடல்கள் பலவற்றில் அது கிடையாது. 1980-களின் நடுவில் இறக்குமதி நின்றுபோனதால், நம் ஊரில் கைமாறும் வெளிநாட்டுப் பிஸ்டல்கள் பெரும்பாலும் அதற்கு முந்தியவை. பெருமையாகக் காட்டுகிறார்கள், விலையும் எக்கச்சக்கம். புதியவையும் தப்பவில்லை. 2017-இல் சிக் பி320 பிஸ்டல் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் வெடிக்கிறது என்று தெரியவந்து, கம்பெனியே இலவசமாக மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. விழுகிற துப்பாக்கியைப் பிடிக்கப் பாயாதீர்கள், விழட்டும். பாயும்போது விரல் ட்ரிகரில் மாட்டும்.

பேரப்பிள்ளைகள் இருக்கிற வீடு. லீவர் போதுமா?

போதாது. போனில் நாலு இலக்க எண்ணை ஒளிந்து பார்த்துத் திறக்கிற பிள்ளைகளுக்கு ஒரு நெம்புகோல் எந்த மூலைக்கு? பூட்டுதான். சாவி சாமி படத்துக்குப் பின்னால் இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

போட்டியில் சுடும் பிஸ்டலில் லீவரே காணோமே?

பத்து மீட்டர் ஏர் பிஸ்டலின் ட்ரிகர் குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும் என்பது விதி. அரைக் கிலோ தக்காளி கனம். 25 மீட்டரில் ஒரு கிலோ. இவ்வளவு லேசான ட்ரிகருக்கு லீவர் இல்லாமல் எப்படி என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அங்கே சேஃப்டி என்பது ஆரஞ்சு நிறக் குச்சி. சேம்பருக்குள் செருகி வெளியே தெரிய நிற்கும். அது செருகியிருந்தால் தோட்டா உள்ளே இருக்க வழியில்லை, தூரத்திலிருந்தே யாரும் பார்த்துக்கொள்ளலாம். ஃப்யூஸ் கட்டையை மடியில் கட்டுவதோடு எல்லோருக்கும் காட்டவும் செய்வது போல. வீட்டுத் துப்பாக்கிக்கும் ஒன்று வாங்கிப் போடுங்கள், விலை ஒன்றுமில்லை.

காட்டுப்பன்றிக்கு இதை எடுக்கலாமா?

கூடாது. சட்டமும் விடாது, .32 தோட்டாவுக்குப் பன்றியும் நிற்காது.

உரிமம் வாங்கும்போது லீவர் பற்றிக் கேட்பார்களா?

மாட்டார்கள். உரிமத்தில் துப்பாக்கியின் வகை, போர் (குழல் அளவு), நம்பர் இவைதான். 2016 ஆயுத விதிகளின்படி பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்று உண்டு, எஸ்-1 படிவம். அதை வெறும் காகிதமாக வாங்கிக்கொண்டு போகத்தான் பலர் வருகிறார்கள். என் வகுப்பில் மூன்று மணி நேரம் உட்கார வேண்டும்.

லீவர் இறுக்கமாகிவிட்டது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

விடவே விடாதீர்கள். இதுவும் மாமா கைங்கரியம்தான். மஞ்சள் தூள் போக வேண்டுமென்று துடைத்து, லீவரின் இடுக்கில் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார். மார்கழிக் குளிரில் எண்ணெய் பாட்டிலோடு சேர்ந்து லீவருக்குள்ளும் உறைந்துவிட்டது. தள்ளினால் பாதி வழியில் நின்றது. பாதியில் நிற்கிற லீவர் சுடும் பக்கமா சுடாத பக்கமா என்று யாருக்கும் தெரியாது. வெயில் ஏறியதும் இளகும், சாயங்காலம் மறுபடி இறுகும்.

துப்பாக்கி எண்ணெய் கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால் தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய், ஒரு சொட்டு. மாமாவுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பையன் கொண்டுவந்து கொடுத்தான். காலி செய்து, சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, அப்புறம்தான் விட்டோம். நான் பேசவில்லை.